கல்யாணத்துக்கு வெள்ளை எடுக்கப் போகிறீர்களா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வழிகாட்டி

என் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கவுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. முழங்கை வரை வர வேண்டிய கை, தோளுக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிட்டது. தலையில் போடும் நெட் பெட்டியிலேயே இல்லை. கடைக்குப் போன் போட்டால், "நெட் வேணும்னு நீங்க சொல்லவே இல்லையேக்கா" என்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். "கவுன் 1, அட்வான்ஸ் 20,000" என்று ஒரே வரி. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசியதில் ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை.

கைக்கு எங்கள் தெரு டெய்லர் அக்கா லேஸ் வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். நெட் ஒரு தோழியிடம் இரவல் வாங்கினேன். போட்டோவில் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்கப்புறம் தங்கைக்கும் சித்தி மகளுக்கும் நானே கூடப் போய் எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் சொன்ன தேதிக்குச் சொன்னபடி வந்தது. திருநெல்வேலிப் பக்கம் கோயிலில் (கிறிஸ்தவர்கள் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்) கல்யாணம் வைத்து, வெள்ளைக் கவுனோ வெள்ளைச் சேலையோ உடுத்தப் போகிறவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகுமுன் ஐயரை (கோயில் போதகரை) பாருங்கள்

கை இல்லாத கவுன், முதுகு நன்றாக இறங்கிய கழுத்து இதற்கெல்லாம் சில சேகரங்களில் (திருச்சபைப் பகுதிகளில்) இடமில்லை. சில இடங்களில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் கோயிலில் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐயரிடம் நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால் ஐயரம்மாவிடம் கேட்கலாம், விவரமாகவே சொல்வார்கள். முப்பதாயிரம் கொடுத்துவிட்டு அதன்மேல் ஒரு கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

போகிறபோதே ஓலைக்கு (கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்புக்கு) என்னென்ன காகிதம் வேண்டும் என்றும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, வயதுக்கு அத்தாட்சி, மாப்பிள்ளை வேறு சேகரம் என்றால் அங்கிருந்து கடிதம் என்று பட்டியல் நீளும். உடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிற மாதமும் பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைகிற மாதமும் ஒன்றுதான். அந்த மாதத்தில் ட்ரையல் தேதி வாங்கினால் போக முடியாது. நான் ரெண்டாவது ட்ரையலைக் கோட்டை விட்டது அப்படித்தான். போயிருந்தால் கை நீளம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2. நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும். பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். மே மாதம் டெய்லர்களைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மே கல்யாணம் என்றால் கிறிஸ்மஸுக்கு முன் கவுன் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். தைத்துத் தருகிற கவுனுக்கு எங்களிடம் கேட்ட நேரம் ரெண்டிலிருந்து மூன்று மாதம். ஆரி வேலை உள்ள ஜாக்கெட்டுக்கு ஒரு மாதம், சீசனில் அதற்கும் மேல்.

ஆடியிலும் மார்கழியிலும் இந்து வீடுகளில் கல்யாணம் இல்லை. ஆரி வேலை செய்கிறவர்களின் கை அப்போதுதான் கொஞ்சம் ஓயும். ஜாக்கெட்டை அந்த நாட்களில் கொடுத்தால் நிதானமாகச் செய்து தருவார்கள். தங்கைக்கு ஆடியில்தான் கொடுத்தோம். பேரம்கூட படிந்தது.

3. கவுனா சேலையா என்று வீட்டிலேயே முடிவு பண்ணுங்கள்

கடையில் போய் முடிவு பண்ணலாம் என்று கிளம்பினால் முடிவே வராது. அம்மாவுக்குச் சேலை, பெண்ணுக்குக் கவுன், மதினிக்கு யூடியூபில் பார்த்த ஏதோ ஒன்று.

என் கருத்தைக் கேட்டால் மே மாதக் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டோ டிஷ்யூ சேலையோதான். பாளையங்கோட்டை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடுகிற கோயிலில், ரெண்டடுக்கு கேன்கேன் (கவுன் விரிந்து நிற்க உள்ளே போடுகிற விறைப்பான பாவாடை) வைத்த கவுனுக்குள் ஒன்றரை மணி நேரம் நின்றவள் சொல்கிறேன். கவுன்தான் ஆசை என்றால் டிசம்பர், ஜனவரி பாருங்கள். மே மாதமேதான் என்றால் உள்லைனிங் பருத்தியாக வைக்கச் சொல்லுங்கள். கடைகளில் வழக்கமாகக் கண்ணில் பட்டது பாலியெஸ்டர் லைனிங்தான். கேட்டால் மாற்றித் தருகிறார்கள், கொஞ்சம் கூட வாங்குவார்கள்.

வாடகைக் கவுனை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒரு நாள் உடுத்துவதற்கு நல்ல வழி அது. ஆனால் உங்கள் அளவுக்கு முழுசாக வெட்டித் தைக்க மாட்டார்கள், பிடித்துத்தான் தருவார்கள்.

4. விலை என்று அவர்கள் சொல்வது பாதி விலைதான்

நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் வாடகைக் கவுன் 8,000-லிருந்து 15,000 வரை, அதுபோக டெபாசிட் 5,000 அல்லது 10,000. சொந்தமாகத் தைக்கிற கவுன் 25,000-க்குக் கீழே மனசுக்குப் பிடித்ததாக எதுவும் கண்ணில் படவில்லை. நல்ல வெள்ளைப் பட்டுச் சேலை 12,000-லிருந்து 25,000, அதற்கு ஆரி வேலை ஜாக்கெட் 4,000-லிருந்து 10,000.

சித்தி மகளின் கணக்கை அப்படியே தருகிறேன். கவுனுக்குச் சொன்ன விலை 32,000. பில் போடும்போது ஜிஎஸ்டி 5,760 ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல், தைத்த உடை ஒன்று 2,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீதம் வரி. சேலை துணிக் கணக்கில் வருவதால் 5 சதவீதம்தான். அப்புறம் நெட் 3,500, கேன்கேன் 2,000, கடைசி நேர ஆல்டரேஷன் 1,500. ஆக மொத்தம் 44,760. இதில் போக்குவரத்து இல்லை, கிரீடம் இல்லை, செருப்பு இல்லை, பூச்செண்டு இல்லை.

அதனால் விலை கேட்கும்போது "வரியோடயா, வரி இல்லாமயா? நெட் சேர்த்தா, தனியா?" என்று ரெண்டு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். "பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன்" என்று சொன்னால் அந்தக் கடையில் கவுன் வாங்கவே வாங்காதீர்கள். ஏன் என்று ஏழாவது படியில் வரும்.

5. எந்த ஊர்க் கடை?

வெள்ளைப் பட்டுக்கு வெளியூர் போக வேண்டியதே இல்லை. வண்ணார்பேட்டையிலும் டவுன் ரத வீதிகளிலும் உள்ள பெரிய ஜவுளிக்கடைகளில் பட்டு மாடிக்குப் போய், "கோயில் கல்யாணத்துக்கு வெள்ளை" என்று சொன்னால் போதும், தனியாக எடுத்துப் போடுவார்கள். கவுனுக்குத்தான் அலைச்சல். இங்கே உள்ள பிரைடல் கடைகளில் மாடல் கம்மி. தூத்துக்குடி 50 கிலோமீட்டர், நாகர்கோவில் 80. ரெண்டுமே காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம், கவுன் பார்க்க ஏற்ற ஊர்கள். மதுரை 160 கிலோமீட்டர், ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

சென்னையில் மாடல் கொட்டிக் கிடக்கிறது, உண்மைதான். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். ஆனால் ஒரு கவுனுக்கு மூன்று தடவையாவது போக வேண்டும்: எடுக்க ஒன்று, ட்ரையலுக்கு ஒன்று, வாங்கி வர ஒன்று. ரெண்டு பேர் போய்வரச் செலவை மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள். "ரெண்டாவது ட்ரையலுக்கு நீங்க வரவே வேண்டாம், அளவு அனுப்பினா போதும், கூரியர்ல வந்துரும்" என்று சொல்லித்தான் என்னை மடக்கினார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

முன்கூட்டியே போன் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். வார நாளில் காலை பதினோரு மணிக்குள் போனால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்கும்.

6. முதல் நாள் கடையில்

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். ஜவுளி எடுக்க வேன் பிடித்துப் போகிற பழக்கம் பட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கவுனுக்கு வேண்டாம். அம்மா, வாய் திறந்து உண்மை பேசுகிற ஒருத்தர், நீங்கள். அவ்வளவுதான்.

கையில் எடுத்துப் போக வேண்டியது: கல்யாணத்தன்று போடப் போகிற உயரத்தில் ஒரு ஹீல்ஸ், அன்று போடப் போகிற உள்ளாடை, நன்றாகப் பொருந்துகிற ஒரு அளவு ஜாக்கெட், ஒரு இஞ்சு டேப். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள், மையும் லிப்ஸ்டிக்கும் வேண்டாம். போட்டுப் பார்க்கிற கவுனில் கறை பட்டால் காசு கேட்கிற கடைகள் உண்டு.

கவுனைப் போட்டதும் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். முதுகில் கிளிப் மாட்டியிருப்பார்கள். எனக்கு ஏழு கிளிப். துணி காயப்போடுகிற கிளிப் மாதிரிதான், கொஞ்சம் பெரிசு. முன்னாலிருந்து பார்த்தால் உடம்போடு ஒட்டித் தைத்த மாதிரி இருக்கும். எல்லாக் கிளிப்பையும் எடுக்கச் சொல்லி ஒரு தடவை நின்று பாருங்கள். உங்கள் அளவுக்கும் அந்தக் கவுனுக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து வெள்ளை. கடை விளக்கில் எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான். பால் வெள்ளை, ஆஃப் ஒயிட், ஐவரி மூன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தால் ஒன்று நீலம் பாயும், ஒன்று மஞ்சள் பாயும். மாநிறத்துக்கு ஐவரி எடுப்பாக இருக்கும் என்பது என் அனுபவம். நெட்டையும் கவுனையும் சேர்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ரெண்டும் வேறு வேறு வெள்ளையாக இருந்தால் போட்டோவில் நெட் பழசு மாதிரி தெரியும்.

மூன்றாவது, பெரியம்மா கற்றுக்கொடுத்தது. தங்கை ஒரு மீன்வால் கவுனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எல்லோரும் ஆகா என்றோம். பெரியம்மா மட்டும், "ஏ பிள்ள, இதப் போட்டுக்கிட்டு கோயில் ஆல்டர் முன்னால எப்படி முழங்கால் போடுவ? போட்டுக் காட்டு பாப்போம்" என்றார். தங்கை பாதி குனிந்து, அப்படியே கடைப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கவுன் அன்றைக்கே கழிந்தது. முழங்கால் போட்டுப் பாருங்கள், கையைத் தூக்காமல் எழுந்திருங்கள், நாற்காலியில் உட்காருங்கள், ரெண்டு படி ஏறி இறங்குங்கள்.

தலையைக் குனிந்தும் பார்க்க வேண்டும். தாலி பின்கழுத்தில்தான் முடிகிறது. காலர் வைத்த கவுன், பின்கழுத்து வரை லேஸ் ஏறிய கவுன், தாழ இறங்கின நெட் எல்லாம் அங்கே குறுக்கே வரும். மாப்பிள்ளை கை நடுங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் நாத்தனார் நெட்டுக்குள் சரடைத் தேடுகிற காட்சி வேண்டாம். நெட்டின் சீப்பை உச்சிக்கொண்டைக்கு மேலே குத்துகிற மாதிரி வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் மட்டும் நெட்டைத் தூக்கிப் பிடிக்கலாம்.

போட்டோ எடுக்கச் சில கடைகளில் விட மாட்டார்கள். கேட்டுக்கொண்டு எடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கட்டாயம் எடுங்கள்.

7. பில்: இங்கேதான் நான் விழுந்தேன்

அட்வான்ஸை எடுத்து நீட்டுமுன் ஆர்டர் தாளை வாங்கி, நீங்களே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். தங்கைக்கு நாங்கள் எழுதி வாங்கியது இது:

"ஐவரி சாட்டின் கவுன், மாடல் எண் (கடையில் தொங்குகிற சீட்டில் உள்ளது). கை முழங்கைக்கு ஒரு இஞ்சு கீழே வரை, லேஸ், உள்லைனிங் பருத்தி. பின்கழுத்து இறக்கம் 5 இஞ்சு. பின்னால் இழுபடும் துணி ஒரு அடி. நெட் ஒன்று, 3 மீட்டர், ஓரத்தில் லேஸ், விலையில் சேர்த்தி. கேன்கேன் ஒன்று, சேர்த்தி. பக்கத் தையலில் ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சு துணி உள்ளே விடப்படும். முதல் ட்ரையல் தேதி, ரெண்டாம் ட்ரையல் தேதி, டெலிவரி தேதி. ஆல்டரேஷன் இலவசம். மொத்தம் வரியோடு இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, மீதி டெலிவரி அன்று."

கீழே கடை சீல், கையெழுத்து. அளவெடுத்த தாளையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளிப்பார். எங்களிடமும், "இவ்ளோ எழுதணுமாக்கா?" என்றார். எழுதினார்.

டெலிவரி தேதியைக் கல்யாணத் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் போடுங்கள். கல்யாணத் தேதியைச் சொல்லவே சொல்லாதீர்கள், அல்லது பத்து நாள் முன்னால் இருப்பதாகச் சொல்லுங்கள். பொய்தான், இந்த ஒரு பொய்க்கு ஐயர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அட்வான்ஸ் பாதிக்கு மேல் வேண்டாம். யூபிஐயில் அனுப்பினால் கடையின் பேருக்குப் போகிறதா, யாரோ ஒருத்தர் பேருக்குப் போகிறதா என்று பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் போட்ட நாளுக்குள்ளோ, நாள் எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள்ளோ திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அதே கணக்குதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது பில். என் கையில் இருந்த ஒற்றை வரி பில்லை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

வாடகை என்றால் இன்னும் ரெண்டு விஷயம் எழுத வேண்டும். எத்தனை நாள், திருப்பிக் கொடுக்க நாள் தப்பினால் எவ்வளவு. ஏற்கெனவே இருக்கிற கறை, உதிர்ந்த முத்து, கிழிசல் எங்கெங்கே என்று கடையிலேயே வீடியோ எடுங்கள். ஆதார் நகல் கேட்டால் அதன் மேலேயே "கவுன் வாடகைக்காக" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அசல் எதையும் கொடுக்காதீர்கள்.

8. ட்ரையல்

ரெண்டு ட்ரையலுக்கும் நீங்களே போக வேண்டும், அதே ஹீல்ஸோடு. ஹீல்ஸ் இல்லாமல் அளந்தால் கீழ்மடிப்பு ரெண்டு இஞ்சு தப்பும். கடைசி ட்ரையல் கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கையில். அதற்கு மேல் உடம்பு குறைக்கிற முயற்சி எதுவும் வேண்டாம். முதுகில் கயிறு கட்டுகிற கவுன் என்றால், அன்றைக்கு உங்களுக்குக் கட்டிவிடப் போகிறவரைக் கூட்டிப்போய், கடைப் பெண் கட்டுவதை வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்யாணக் காலையில் மேலிருந்து கட்டுவதா, கீழிருந்து கட்டுவதா என்று தெரியாமல் அத்தையும் மதினியும் நிற்பார்கள்.

9. வீட்டுக்குக் கொண்டுவருவது

கூரியர் வேண்டாம். நேரில் போய், கடையிலேயே போட்டுப் பார்த்து, தாளில் எழுதியதை ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ரயிலில் மடியிலோ பெர்த்திலோ வைத்துக் கொண்டுவரலாம். ஆம்னி பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடாதீர்கள். வீட்டில் அலமாரிக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டு, பழைய வெள்ளை வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை மஞ்சள் பூக்க வைக்கும்.

10. மாப்பிள்ளை வீட்டுக் கூறைச் சேலை

கோயில் முடிந்து வரவேற்புக்கு மாற்றுகிற பட்டு இது, எடுப்பது அவர்கள் செலவு. நீங்கள் பார்க்க வேண்டியது ரெண்டு. சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. ஜரிகை என்ன வகை என்று பில்லில் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். ரெண்டாவது, ஜவுளி எடுத்த அன்றைக்கே ஜாக்கெட் துணியை வெட்டி வாங்கி வந்துவிடுங்கள். சேலை அவர்கள் வீட்டுப் பீரோவில் போய் உட்கார்ந்துவிட்டால் ஜாக்கெட் தைக்க ஒவ்வொரு தடவையும் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

11. அன்றைக்குக் கைப்பையில்

வெள்ளை நூல் கோத்த ஊசி ரெண்டு, பெரியதும் சிறியதுமாக ஊக்கு ஒரு அட்டை, டால்கம் பவுடர், வெள்ளைச் சாக்குக்கட்டி, ஸ்ட்ரா ஒரு கட்டு (லிப்ஸ்டிக் கலையாமல் தண்ணீர் குடிக்க). டால்கம் பவுடர் எதற்கென்றால் அல்வாவுக்கு. வரவேற்பில் யாராவது ஊட்டியே தீருவார்கள், நெய் ஒரு சொட்டாவது மடியில் விழும். தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள், பரவும். பவுடரை அப்படியே கொட்டி, பத்து நிமிஷம் விட்டுத் தட்டிவிட்டு, அதன்மேல் சாக்குக்கட்டியால் லேசாகத் தேயுங்கள். சித்தி மகளின் கல்யாணத்தில் ரெண்டு தடவை செய்தோம்.

12. முடிந்த பிறகு

சொந்தக் கவுன் என்றால் ஒரு வாரத்துக்குள் டிரை கிளீனிங். வேர்வை முதலில் தெரியாது, ரெண்டு மாதம் கழித்து அக்குளில் மஞ்சளாக எழும்பும். கொடுக்கும்போது அல்வாக் கறை இருந்த இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். வாடகைக் கவுன் என்றால் நீங்கள் துவைக்கக் கூடாது. நெட், கேன்கேன், கையுறை, கிரீடம் எல்லாவற்றையும் எண்ணி, முதல் நாள் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொண்டே ஒப்படையுங்கள். டெபாசிட்டை அங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். "நாளைக்கு அக்கவுண்ட்ல போட்டுறேன்" என்றால், "பரவாயில்ல, இருந்து வாங்கிட்டே போறோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். தங்கை அப்படித்தான் உட்கார்ந்தாள், கால் மணி நேரத்தில் வந்துவிட்டது.